தோளில் சுமக்கத்தக்க மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமரா: தேர்ந்தெடுப்பது எப்படி?

மீடியம் ஃபார்மட் கேமரா, அதாவது வழக்கமான 35 மி.மீ. ஃபிலிமைவிடப் பெரிய நெகட்டிவ் தரும் கேமரா, வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது எடையை. எது இலேசானது என்று பட்டியல் போட்டு, 200 கிராம் வித்தியாசத்துக்காக வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பைக்குள் போவது கேமரா மட்டுமல்ல. லென்ஸ், லைட் மீட்டர், ஃபிலிம் சுருள்கள், பல நேரங்களில் ஒரு முக்காலியும் கூடவே போகின்றன. முக்காலி இல்லாமல் கூர்மையான படம் தராத ஒரு கிலோ கேமரா, கையிலேயே பிடித்து எடுக்கக்கூடிய ஒன்றரைக் கிலோ கேமராவைவிடக் கனமானது. கீழே வருகிற ஒவ்வொரு படியும் இந்தக் கணக்கை ஒட்டியே போகிறது.

ஃபிலிமைப் பற்றி முதலில் ஒரு சொல். மீடியம் ஃபார்மட் என்றால் இன்று நடைமுறையில் 120 ஃபிலிம்தான். கோடாக் 1901-இல் பிரௌனி பெட்டிக் கேமராவுக்காகக் கொண்டுவந்த சுருள் இது. ஏறத்தாழ 6 செ.மீ. அகலம், முதுகில் காகிதம், உலோகக் கூடு கிடையாது. இதே சுருளின் இரட்டை நீள வடிவமான 220 இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது என்பதால் அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். 120 நமக்கு அந்நியமானதும் அல்ல. ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்த காலத்தில், பல வீடுகளின் அலமாரியில் அக்ஃபா கிளிக் III என்ற பெட்டிக் கேமரா இருந்தது. அதில் போட்டதும் இதே 120 சுருள்தான். உங்கள் தாத்தா பாட்டியின் சதுரமான பழைய படங்கள் சில அந்த வழியில் வந்தவையாக இருக்கலாம்.

முதல் படி: படத்தை என்ன செய்யப்போகிறீர்கள்?

கைபேசித் திரையில் மட்டும் பார்க்கப்போகிறீர்கள் என்றால் 35 மி.மீ. கேமராவே போதும், இந்தச் செலவும் சுமையும் வேண்டாம். பெரிய அச்சு எடுப்பவருக்குத்தான் மீடியம் ஃபார்மட்டின் பலன் முழுதாகத் தெரியும். 16×20 அங்குல அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 35 மி.மீ. நெகட்டிவைச் சுமார் 17 மடங்கு பெரிதாக்க வேண்டும். 6×4.5 நெகட்டிவ் (இந்த எண்கள் செ.மீ. கணக்கில்) என்றால் 10 மடங்கு, 6×7 என்றால் 7 மடங்குக்குச் சற்று மேல். துகள் (ஃபிலிமின் மணல் போன்ற புள்ளிகள்) எவ்வளவு தெரியும், சின்ன நடுக்கம் எவ்வளவு பெரிதாகும் என்பதெல்லாம் இந்த எண்ணில் அடங்கியிருக்கின்றன. 12×18 அளவோடு நிறுத்திக்கொள்பவருக்கு 6×4.5 தாராளம். சுவர் அளவுக்கு அச்சிட நினைப்பவர் 6×7-ஐப் பார்க்கலாம்.

ஸ்கேன் செய்யும் வசதியையும் இப்போதே யோசியுங்கள். உங்கள் ஊர் லேபில் 6×9 நெகட்டிவைப் பிடிக்கும் சட்டம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். சில இடங்களில் 6×7-ஐத் தாண்டினால் கையை விரித்துவிடுவார்கள்.

இரண்டாம் படி: ஃப்ரேம் அளவு

ஒரு சுருளில் எத்தனை படம் என்பதை அளவுதான் தீர்மானிக்கிறது. 6×4.5-இல் 15 அல்லது 16, 6×6-இல் 12, 6×7-இல் 10, 6×9-இல் 8. ஒரு நாள் மலையேற்றத்தில் 60 படம் எடுப்பவர் என்றால் 6×4.5-க்கு 4 சுருள், 6×6-க்கு 5, 6×7-க்கு 6, 6×9-க்கு 8 சுருள். சுருளின் விலையோடு கழுவும் கூலியையும் ஸ்கேன் கூலியையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள். கேமரா விலை ஒரு முறை கொடுப்பது. இது ஒவ்வொரு மாதமும் கொடுப்பது.

பெயரில் 6×6 என்று இருந்தாலும் உண்மையான ஃப்ரேம் 56×56 மி.மீ.தான். 6×4.5 என்பது 56 மி.மீ.க்கு 41.5 மி.மீ. 35 மி.மீ. ஃப்ரேமின் பரப்போடு ஒப்பிட்டால் இது 2.7 மடங்கு, 6×6 என்பது 3.6 மடங்கு, 6×7 நாலரை மடங்கு. முதல் தாவல்தான் பெரியது; அதற்குப் பிறகு ஏறுகிற ஒவ்வொரு படிக்கும் எடையும் செலவும் கூடுகிற அளவுக்குப் பலன் கூடுவதில்லை. அதனால்தான் எடுத்துச் செல்லும் கேமரா கேட்பவர்களுக்கு நான் பெரும்பாலும் 6×4.5 அல்லது 6×6 என்றே சொல்கிறேன்.

சதுரம் பிடிக்குமா பிடிக்காதா என்பது ரசனை. ஒன்று மட்டும் உண்மை: சதுர ஃப்ரேம் கேமராவை நிமிர்த்தவோ படுக்கவைக்கவோ தேவையில்லை. இடுப்பு உயரத்தில் வைத்துக் குனிந்து பார்க்கும் கேமராக்களுக்கு இது பெரிய வசதி. 6×7-இன் விகிதம் 8×10, 16×20 தாள்களோடு கிட்டத்தட்ட வெட்டாமல் பொருந்துகிறது.

மூன்றாம் படி: எதன் வழியே பார்ப்பீர்கள்?

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். ஒரு கேமராவோடு ஒத்துப்போவதும் போகாததும் பெரும்பாலும் அதன் வியூஃபைண்டரைப் பொறுத்தது.

லென்ஸ் வழியே அல்லாமல் தனிச் சாளரம் வழியே பார்த்து, இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் வகையை முதலில் பார்ப்போம். கண்ணாடி எழும்பி விழும் இயந்திரம் இல்லாததால் உடல் மெலிது, ஓசை குறைவு, நடுக்கமும் குறைவு. பயணத்துக்கு இதற்கு இணை கிடையாது. 1989-இல் வந்த மாமியா 6 சதுர ஃப்ரேம் கேமரா. அதன் லென்ஸ் உடலுக்குள் பாதி அமுங்கிக்கொள்ளும். லென்ஸ்கள் மூன்றே: 50, 75, 150 மி.மீ. அடுத்து 1995-இல் வந்த மாமியா 7 ஃப்ரேமை 6×7 ஆக்கியது, 80 மி.மீ. லென்ஸோடு சேர்த்தும் எடை 1.2 கிலோதான். இந்த அளவு நெகட்டிவை இவ்வளவு இலேசாகத் தருகிற, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா வேறு அரிது. அதனால்தான் அதன் விலை இப்படி ஏறிக் கிடக்கிறது. அதில் 43, 65 மி.மீ. லென்ஸ்கள் அருமை. ஆனால் 150-ஐ வைத்து முகங்களை எடுக்க நினைப்பவர் ஏமாறுவார்: வியூஃபைண்டரில் அந்தச் சட்டம் சின்னதாகிவிடும், ஃபோகஸில் சிறு பிசகு வந்தாலும் படத்தில் இருப்பவரின் கண் மங்கிவிடும். 80 மி.மீ. லென்ஸில் ஒரு மீட்டருக்கு அருகில் ஃபோகஸ் ஆகாது. பூவையும் பூச்சியையும் எடுப்பவருக்கு ரேஞ்ச்ஃபைண்டர் உதவாது. போலரைசர் ஃபில்டரை (பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி) விரும்புபவருக்கும் தொல்லைதான், அதன் விளைவு வியூஃபைண்டரில் தெரியாது. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் வியூஃபைண்டரில் காட்சி அழகாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதே வகையில் லென்ஸ் மாற்ற முடியாதவையும் உண்டு. ஃபூஜி ஜிஏ645 தானே ஃபோகஸ் செய்து, தானே ஒளி அளந்து, தானே சுருளை நகர்த்தும்; 60 மி.மீ. லென்ஸ், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. நேராகப் பிடித்தால் படம் செங்குத்தாக விழும், அது முதல் சில சுருள்களுக்குக் குழப்பும். ஃபூஜி ஜிடபிள்யூ690 வரிசை 6×9 ஃப்ரேமும் 90 மி.மீ. லென்ஸும் கொண்டது. மீட்டர் இல்லை, பேட்டரி இல்லை, உடைய அதிகம் எதுவும் இல்லை. ஒன்றரைக் கிலோ இருந்தாலும் தோளில் ஒழுங்காகத் தொங்கும்.

மடக்குக் கேமராக்கள் ரேஞ்ச்ஃபைண்டரின் பழைய உறவுகள். ஸைஸ் இகான் இகான்டா, அக்ஃபா ஐஸலெட், சோவியத் நாட்டின் மாஸ்க்வா-5 என்று 1930-களிலிருந்து 50-கள் வரை வந்தவை நிறைய. மடக்கினால் மேலாடைப் பையில் போய்விடும். சுமக்கும் வசதி மட்டுமே குறி என்றால் இவற்றை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் பெல்லோஸ் என்ற துருத்தியில் ஊசித்துளை விழும். அக்ஃபாவின் துருத்திகள் இதற்குப் பேர்போனவை. ஃபோகஸ் வளையத்தில் போட்ட மசகு இறுகிப் பாறையாவதும் அவற்றின் வழக்கம். ஒரு சிறு பழக்கம்: கேமராவைத் திறக்கும்போது லென்ஸ் பலகையைக் கையால் பிடித்து மெதுவாக இழுங்கள். படாரென்று திறந்தால் உள்ளே காற்று உறிஞ்சப்பட்டு ஃபிலிம் தன் தளத்தை விட்டு முன்னே எழும்பும். திறந்த பிறகே அடுத்த படத்துக்குச் சுருளை நகர்த்துங்கள். புதிய காலத்து மடக்குக் கேமரா வேண்டும் என்றால், 6×6-க்கும் 6×7-க்கும் மாறக்கூடிய ஃபூஜி ஜிஎஃப்670 இருக்கிறது. வோய்க்ட்லாண்டர் பெஸ்ஸா III என்ற பெயரிலும் விற்றது. நல்ல கேமரா, விலை கடுமை. நிக்கோர் 80 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் கூடுதல் ஒளி உள்ளே வரும்) கொண்ட பிளாபெல் மகினா 67-ம் அப்படியே.

அடுத்தது டிஎல்ஆர் என்கிற இரட்டை லென்ஸ் கேமரா. மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் படமெடுக்க. மேலே உள்ள மங்கலான கண்ணாடித் திரையில் தெரியும் காட்சி இடவலமாக மாறியிருக்கும். ஓடும் குழந்தையைத் தொடர நினைத்துக் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பாதவர் யாரும் இல்லை. ஒரு வாரத்தில் பழகிவிடும். குனிந்து நிற்பவரை யாரும் படமெடுப்பவராக நினைப்பதில்லை என்பதால் தெருப்படங்களுக்கும் முகங்களுக்கும் இது நல்ல துணை. ரோலிஃப்ளெக்ஸ் வாங்குவதானால் எஃப்/2.8 மாதிரிக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், எஃப்/3.5 இலேசானது, படத்தில் குறை காண முடியாது. அதற்கும் கீழே ரோலிகார்ட், மினோல்டா ஆட்டோகார்ட், யாஷிகா மேட் 124ஜி ஆகியவை இருக்கின்றன. ஆட்டோகார்டில் லென்ஸுக்கு அடியில் இருக்கும் ஃபோகஸ் நெம்புகோல் ஒடியக்கூடியது, பார்த்து வாங்குங்கள். லென்ஸ் மாற்றக்கூடிய டிஎல்ஆர் வேண்டும் என்றால் மாமியா சி330. ஆனால் அது தோளை அழுத்தும்.

எஸ்எல்ஆர் வகையில், உள்ளே இருக்கும் ஒரு முகக்கண்ணாடியின் உதவியால், லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையே நீங்களும் பார்க்கிறீர்கள். நெருங்கிய ஃபோகஸ், நீள லென்ஸ், ஃபில்டர் எல்லாமே எளிது. ஹாசல்பிளாட் 500சி/எம், 80 மி.மீ. லென்ஸும் ஏ12 ஃபிலிம் பேக்கும் (சுருளை வைக்கும் பின்பெட்டி) சேர்த்து ஒன்றரைக் கிலோ அளவில் நிற்கிறது. பேக்கைக் கழற்றிக் கறுப்பு வெள்ளைக்கும் வண்ணத்துக்கும் பாதிச் சுருளில் மாறலாம். பென்டாக்ஸ் 645என், தானாக ஃபோகஸ் செய்து ஒளி அளவை நெகட்டிவின் ஓரத்தில் அச்சிட்டும் தரும்; அதில் பாதிச் சுருளில் மாறும் வசதி இல்லை. மாமியா 645 ப்ரோவில் அந்த வசதி உண்டு, 80 மி.மீ. எஃப்/1.9 என்ற வேகமான லென்ஸும் உண்டு. பென்டாக்ஸ் 67-இன் 105 மி.மீ. எஃப்/2.4 லென்ஸைப் பார்த்து மயங்கியவர்கள் அநேகம். பிரிஸத்தோடு அது 2 கிலோவைத் தாண்டும், கண்ணாடி எழும்பும் ஓசை கதவை அடித்துச் சாத்துவது போல இருக்கும். மாமியா ஆர்பி67-ஐ எடுத்துச் செல்லலாம் என்று யாராவது சொன்னால், அவரையே தூக்கி வரச் சொல்லுங்கள். அது ஸ்டூடியோவுக்குப் பிறந்த கேமரா.

நான்காம் படி: ஒளியும் முக்காலியும்

பிரகாசமான வெயிலில் ஐஎஸ்ஓ 400 (ஃபிலிமின் ஒளி உணரும் வேகம்) ஃபிலிமுக்கு எஃப்/16-இல் ஒரு நொடியின் 400-இல் ஒரு பங்கு. வெட்டவெளி நிழலுக்கு வந்தால் ஒளி நான்கு ஸ்டாப் குறையும் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்). எஃப்/8-இல் 1/100 கிடைக்கும். அதே இடத்தில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் போட்டால் எஃப்/8-இல் 1/25. மீடியம் ஃபார்மட்டில் ஃபோகஸ் ஆழம் குறைவு என்பதால் இயற்கைக் காட்சிக்கு எஃப்/11 வேண்டும் என்பீர்கள். அப்போது 1/12-க்கு இறங்கிவிடும். அங்கே முக்காலி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது.

ஆகவே ஃபிலிமின் வேகமும் கேமராவின் நடுக்கமும் சேர்ந்தே சுமையைத் தீர்மானிக்கின்றன. லென்ஸுக்குள் இருக்கும் இலை ஷட்டரும், கண்ணாடி இல்லாத உடலும் இருந்தால் நிதானமான கை 1/30-ஐச் சமாளிக்கும். பெரிய கண்ணாடி எழும்பும் எஸ்எல்ஆர் என்றால் 1/125-க்குக் கீழே போக நான் துணிய மாட்டேன். கையில் எடுப்பதாக முடிவு செய்தால் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை வழக்கமாக்குங்கள்: கோடாக் போர்ட்ரா 400, ட்ரை-எக்ஸ், இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ். 6×4.5-க்கும் மேலே துகள் பெரிய தொல்லையல்ல. வெல்வியா 50 போல மெதுவான ஸ்லைடு ஃபிலிம்தான் வேண்டும் என்பவர் முக்காலியை விலைப்பட்டியலிலும் எடைப்பட்டியலிலும் எழுதிக்கொள்ளட்டும்.

பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் பயன்படுத்துபவர்களுக்கு இலை ஷட்டர் கட்டாயம். ஹாசல்பிளாட்டில் 1/500 வரை ஃபிளாஷ் ஒத்துப்போகும். பென்டாக்ஸ் 67-இல் 1/30-தான்.

ஐந்தாம் படி: எத்தனை லென்ஸ்?

ஒன்று. அதிகம் போனால் இரண்டு. 6×6-இல் 80 மி.மீ. என்பது 35 மி.மீ. உலகின் 45 மி.மீ. போலப் பார்க்கும், 6×7-இல் அதே 80 ஏறத்தாழ 40 போல, 6×4.5-இல் 75 மி.மீ. 46 போல. மூன்று லென்ஸும் உபரி பேக்கும் சேர்த்தால், நீங்கள் கவனமாகக் குறைத்த கிராம்கள் எல்லாம் திரும்பி வந்துவிடும். லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் முன், உங்களிடம் இருக்கும் டிஜிட்டல் படங்களில் எந்தக் குவியத்தூரம் (லென்ஸின் மி.மீ. எண்) அதிகம் வருகிறது என்று பாருங்கள். ஒன்றே மேலோங்கி நின்றால், நிலையான லென்ஸ் கேமரா போதும்.

ஆறாம் படி: மீட்டரும் பேட்டரியும்

மாமியா 6, 7 ஆகியவற்றின் ஷட்டர் மின்னணு சார்ந்தது. பேட்டரி தீர்ந்தால் கேமரா எடைக்கல்தான். உபரி பேட்டரி இல்லாமல் மலை ஏறாதீர்கள். ஹாசல்பிளாட் 500, ரோலி, ஃபூஜி ஜிடபிள்யூ690 ஆகியவை முழுக்க இயந்திரம். அவற்றுக்குக் கைமீட்டர் வேண்டும். கைபேசிச் செயலியும் நெகட்டிவ் ஃபிலிமுக்குப் போதும், ஸ்லைடுக்குப் போதாது. யாஷிகா மேட் 124ஜி-யின் மீட்டர் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அது இப்போது விற்பனையில் இல்லை. அந்த மீட்டரை நம்பி அந்தக் கேமராவை வாங்க வேண்டாம்.

ஏழாம் படி: கையில் எடுத்துச் சோதித்தல்

இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை பழையவையாகத்தான் கிடைக்கின்றன, அதிலும் ஜப்பானிலிருந்து. சுங்க வரியைச் சேர்த்தே விலையைப் பாருங்கள். விற்பவர் ‘சோதிக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் ‘ஓடவில்லை’ என்று படியுங்கள்.

லென்ஸிலிருந்து தொடங்குங்கள். ஷட்டரை பி-இல் (அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கும் நிலை) திறந்து வைத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்திவலை போலக் கிளைத்திருந்தால் பூஞ்சை. பால் கலந்தது போல மங்கினால் படலம். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் பூஞ்சை உள்ள லென்ஸ், பக்கத்தில் இருக்கும் நல்ல லென்ஸுக்கும் வினையாகும். கொஞ்சம் தூசியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஷட்டரில் மெதுவான வேகங்களே உண்மையைச் சொல்லும். ஒரு நொடி, அரை நொடி, 1/15 என்று ஒவ்வொன்றாக அழுத்திக் காது கொடுங்கள். இழுத்து இழுத்து மூடினால் உள்ளே எண்ணெய் உலர்ந்திருக்கிறது; அதைத் திறந்து சுத்தம் செய்யும் செலவை விலையில் கழியுங்கள். பழைய காம்பர் ஷட்டர்களில் உச்ச வேகத்தை ஷட்டரை இழுத்துவைக்கும் (படமெடுக்கத் தயாராக்கும்) முன்பே அமைக்க வேண்டும்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் தூரத்துக் கைபேசிக் கோபுரத்தைப் பாருங்கள். முடிவிலியில் (மிகத் தொலைவுக்கான ஃபோகஸில்) இரண்டு பிம்பங்களும் ஒன்றாக வேண்டும். பக்கவாட்டில் மட்டுமல்ல, மேல்கீழாகவும். மடக்குக் கேமராவைக் கும்மிருட்டு அறையில் பின்கதவைத் திறந்து, துருத்திக்குள் டார்ச்சை விட்டு மூலைகளை நோக்குங்கள். ஹாசல்பிளாட்டில் உடலும் லென்ஸும் இரண்டுமே இழுத்துவைத்த நிலையில் இருந்தால்தான் கழற்றவும் மாட்டவும் வேண்டும். மாறிப்போனால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். விற்பவர் அதை உங்கள் கண்முன் செய்து காட்டட்டும்.

சுருள் நகரும் ஒழுங்கைப் பார்க்க, கழுவிய பழைய சுருளின் முதுகுக் காகிதத்தை லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கேமராவில் போட்டு, ஒவ்வொரு ஃப்ரேமின் ஓரத்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டே நகர்த்துங்கள். இடைவெளிகள் ஓரளவு சமமாக இருந்தால் போதும்; ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் வாங்காதீர்கள். மாமியா 6-இல் இந்தச் சோதனை கட்டாயம், அதன் நகர்த்தும் பொறிதான் அதன் பலவீனம். ஜிஏ645-இல் சிறு திரையின் எழுத்துகள் முழுதாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

எட்டாம் படி: முதல் சுருள்

வாங்கிய கையோடு பயணம் போகாதீர்கள். மலிவான கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றை நிழலில் நின்று போடுங்கள். வெயிலில் போட்டால் ஓரங்களில் ஒளி கசியும். சுருளை எப்போதும் இறுக்கமாக வைத்திருங்கள். முதல் இரண்டு படங்களை முடிவிலியில், முழு அபெர்ச்சரில் (லென்ஸின் ஒளித்துளையை முழுதாகத் திறந்து). அடுத்த இரண்டு மிக அருகில், செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, சற்றுச் சாய்வாக நின்று ஒரு வரியில் ஃபோகஸ் செய்து. பிறகு ஒரே காட்சியை வெவ்வேறு ஷட்டர் வேகத்தில், அபெர்ச்சரை ஈடுசெய்து. நெகட்டிவ்களின் அடர்த்தி ஒன்றுபோல இருந்தால் ஷட்டர் நலம். மிச்சம் இருப்பவற்றைக் கையில் பிடித்து 1/60, 1/30, 1/15-இல் எடுங்கள். உங்கள் கை எந்த வேகம் வரை தாங்குகிறது என்பது தெரிந்துவிடும். முக்காலி வாங்குவதா வேண்டாமா என்பதை அப்போது முடிவு செய்யலாம்.

விமானத்தில் போவதானால் சுருள்களைக் கைப்பையில், ஒளி ஊடுருவும் பையில் வைத்து, கையால் பரிசோதிக்கும்படி கேளுங்கள். விமான நிலையங்களின் புதிய சிடி (எக்ஸ்ரே) ஸ்கேனர்கள் கழுவாத ஃபிலிமைப் புகைபடியச் செய்துவிடும். பெட்டியில் வைத்து அனுப்பவே கூடாது.